கடைப் பணமும் வீட்டுப் பணமும்: ஓர் ஓ.டி. கடன் இறங்கிய விதம்

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் மின்சாமான் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் கணக்கு இது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில். அந்த வகையில்தான் இவர்கள் பழக்கம். கணவன், மனைவி இருவரிடமும் சம்மதம் வாங்கிய பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை ஆயிரத்துக்கு ரவுண்டாக்கியிருக்கிறேன்.

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் மனைவியை அக்கா என்பேன், அவர் மதியம் கடையில் உட்காருவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் கடை திறந்திருக்கும். இப்படிப்பட்ட மனிதருக்கு ஏன் ஒவ்வொரு வருடமும் கடன் ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

2018இல் வீட்டுப் பத்திரத்தை வைத்து நான்கு லட்ச ரூபாய் லிமிட்டில் ஓ.டி. வாங்கினார், அதாவது ஓவர் டிராஃப்ட், வங்கி வைத்த வரம்பு வரை எடுத்துக்கொள்ளும் கடன். சரக்கு எடுக்கத்தான் வாங்கினார், அதில் தவறே இல்லை. 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தது. அடுத்த வருடம் வங்கியில் கேட்டு லிமிட்டை ஆறு லட்சமாக்கிக்கொண்டார். 2023 ஏப்ரலில் நான் பார்த்தபோது 5,80,000 எடுத்தாகிவிட்டது. வட்டி 11.5 சதவீதம். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுத்த 48,000 ரூபாய் செக் ரிட்டர்ன் ஆகியிருந்தது. லிமிட்டில் இடமில்லை, அவ்வளவுதான். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு இருக்கிறது, இரண்டு வருடம் வரை சிறை என்கிற சட்டம். டிஸ்ட்ரிபியூட்டர் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பணம் கொடுத்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டார். முப்பது நாள் தவணையில் சரக்கு எடுத்து ஓடிக்கொண்டிருந்த கடைக்கு அது பெரிய அடி. அதன் பிறகுதான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

ஓ.டி. எப்படி வேலை செய்கிறது

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சாதாரணக் கடனுக்குத் தவணை உண்டு, ஒரு நாள் முடியும். ஓ.டி.க்குத் தவணை கிடையாது. வங்கி ஒரு லிமிட் கொடுக்கும். அதுவரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், போடலாம். ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு எடுத்திருக்கிறீர்களோ அதற்கு அன்றைய வட்டி. மாதக் கடைசியில் மொத்தமாக அதே கணக்கில் பற்று வைத்துவிடுவார்கள். 5,80,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 183 ரூபாய். மாதத்துக்கு 5,500, வருடத்துக்கு 66,700.

ஒரு வியாபாரிக்கு இது நல்ல ஏற்பாடு. காலையில் வசூலான பத்தாயிரத்தைக் கட்டினால் அன்றே பத்தாயிரத்துக்கு வட்டி குறைகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கைத் திறந்தால் வங்கி ஆப் 'எடுக்கக்கூடிய தொகை' என்று ஒரு எண்ணைக் காட்டும். அது லிமிட்டில் மிச்சமிருக்கும் கடன். பார்க்கிறவர் கண்ணுக்கு அது பேலன்ஸ் மாதிரியே தெரியும். 'இருபதாயிரம் இருக்கே, பிள்ளை ஃபீஸ் கட்டிடலாம்' என்று தோன்றும்.

யுபிஐ வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் வந்த யுபிஐயின் இரண்டாம் பதிப்பிலிருந்து ஓ.டி. கணக்கையும் யுபிஐயோடு இணைக்க முடிகிறது. அண்ணன் இணைத்திருந்தார். அதாவது டீக்கடையில் முப்பது ரூபாய்க்கு ஸ்கேன் செய்யும்போது, வீட்டுப் பத்திரத்தின் பேரில் 11.5 சதவீத வட்டிக்கு முப்பது ரூபாய் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். இது அவருக்கு மட்டும் நடப்பதில்லை. நான் கணக்கு எழுதும் கடைகளில் ஓ.டி. வைத்திருக்கும் பலரிடம் இதைத்தான் பார்க்கிறேன்.

மஞ்சள் பேனா

முதல் வேலையாக ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்தோம். கடையின் பின்பக்கம், ஒயர் காயில் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பெஞ்சு. அக்கா மஞ்சள் மார்க்கரைக் கையில் எடுத்துக்கொண்டார். விதி ஒன்றுதான்: கடைக்காகச் செய்த செலவை விட்டுவிட வேண்டும், வீட்டுக்காகச் செய்தது எல்லாம் மஞ்சள். முதல் பக்கத்தில் அண்ணன் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொன்னார். "இது பெட்ரோல், கடைக்குத்தான்." அக்கா தேதியைப் பார்த்தார். "அன்னிக்கு நாம பழனி போனோம்." மஞ்சள். நான்காவது பக்கம் வந்தபோது அண்ணன் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். பாதிக்கு மேல் மஞ்சளாக இருந்தது.

கூட்டிப் பார்க்கும் முன், வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். முப்பதாயிரம் என்றார் தயங்காமல். மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட் பில், பிள்ளைகளின் வேன் கட்டணம், பெட்ரோல் எல்லாம் கூட்டினால் 31,000 வந்தது. அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் மஞ்சள் அடித்த மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 51,000 வருகிறது.

மீதி இருபதாயிரம் எங்கே? அதில் 4,500 சீட்டு. பதிவு பெற்ற ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, தள்ளுபடி போகச் சராசரியாகக் கட்டுவது அவ்வளவு. மிச்சம் 15,500 ரூபாய் மாதச் செலவே கிடையாது. வருடத்தில் எப்போதோ வந்து போகும் செலவுகள். பள்ளிக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து 64,000. மொய் 36,000. தீபாவளி, பொங்கல் 25,000. எல்ஐசி பிரீமியம் 24,000. ஆஸ்பத்திரி, மருந்து 18,000. குலதெய்வக் கோயில், ஊர்த் திருவிழா வரி 10,000. வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 9,000. ஆகமொத்தம் 1,86,000.

மொய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மொய் என்பது விருப்பத்துக்குச் செய்யும் அன்பளிப்பு கிடையாது. அது நோட்டில் எழுதிய கடன். அக்கா பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்து வந்து காட்டினார். மூத்த பெண்ணின் காதுகுத்துக்கு யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று ஊர்வாரியாக இருந்தது. திருப்பிச் செய்ததெல்லாம் பேனாவில் அடிக்கப்பட்டிருந்தது. அடிக்காத பெயர்கள் இன்னும் இரண்டு பக்கம். வைகாசியில், ஆவணியில், தையில் முகூர்த்தம் நெருங்க நெருங்கப் பத்திரிகைகள் வரும். ஐந்நூறு எழுதியவருக்கு ஐந்நூறு திருப்பி எழுத முடியாது, கூடுதலாகத்தான் எழுத வேண்டும். 'எதிர்பாராத செலவு' என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்த செலவு, அக்காவின் பீரோவில் பெயரோடும் தொகையோடும் எழுதி வைத்திருந்தது. எனக்கு அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் இந்தக் குடும்பத்துக்கு பட்ஜெட் போட முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

கடைப் பக்கம் இப்படி இருந்தது. மாதம் வரி நீங்கலாக நான்கரை லட்ச ரூபாய் விற்பனை. அதில் சரக்கின் விலை போகக் கிடைப்பது 80,000. வாடகை, வேலை பார்க்கும் பையன் சம்பளம், கரண்ட், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 26,500. ஓ.டி. வட்டி 5,500. கையில் நிற்பது 48,000. வீட்டுக்கு ஆவது 51,000. மாதம் மூவாயிரம் பற்றாக்குறை. கடன் ஏறியதன் ரகசியம் இந்த மூவாயிரம்தான். ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது. வருடத்துக்கு 36,000 ஆகும்போதும் ஓ.டி.யின் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடும். தனித்தனிக் கணக்காக இருந்திருந்தால் மூன்றாவது மாதமே வீட்டுக் கணக்கில் பணம் தீர்ந்து, இருவரும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்.

எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்கக் கூடாது

கணக்குகளைப் பிரிக்கச் சொன்னதும் அண்ணனுக்கு முதலில் தோன்றிய யோசனை, விற்பனைப் பணத்தை வேறு வங்கியில் போட்டுவிட்டு ஓ.டி.யை அப்படியே விட்டு மெதுவாக அடைப்பது. வேண்டாம் என்றேன். இரண்டு காரணம். ஒன்று, கடைக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் ஓ.டி.யில் தங்கும் ஒவ்வொரு நாளும் வட்டியைக் குறைக்கிறது. இரண்டு, ஓ.டி. கணக்கில் வரவு நின்றுவிட்டால் வங்கிக்குப் பிரச்சினை. தொடர்ந்து 90 நாள் வரவே இல்லாவிட்டாலும், வந்த வரவு அந்த நாட்களில் பற்று வைத்த வட்டிக்குப் போதாவிட்டாலும், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கணக்கு ஒழுங்கு தவறிய கணக்காகி வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். அதனால் வரவு எல்லாம் ஓ.டி.க்கே போகட்டும். கடையின் க்யூஆர் அட்டையும் அதற்கே, கல்லாவில் சேரும் ரொக்கமும் அதற்கே. பிரிக்க வேண்டியது வெளியே போகும் பணத்தை.

ஓ.டி.யிலிருந்து சரக்கு, வாடகை, பையன் சம்பளம் இவற்றுக்கு மட்டும் பணம் போகும் என்று முடிவானது. அந்தக் கணக்கை அண்ணனின் போனில் இருந்த யுபிஐ ஆப்பிலிருந்து நீக்கினோம். ஏடிஎம் கார்டை முடக்கினோம். செக்கும் நெட் பேங்கிங்கும் போதும். நெட் பேங்கிங் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும்.

வீட்டுக் கணக்கு அக்கா பெயரில், வேறு வங்கியில். வேறு வங்கி என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவு வங்கிகளுக்குப் பொதுவான பற்றுரிமை தருகிறது. கடன் கொடுத்த வங்கியிலேயே கடனாளியின் சேமிப்பும் இருந்தால், கடன் தடுமாறும்போது அந்தச் சேமிப்பிலும் கை வைக்க வங்கிக்கு வழி இருக்கிறது. அரிசி வாங்கும் பணத்துக்கு அந்த ஆபத்து வேண்டாம். இந்தக் கணக்குக்கு மாதம் 28,000. முன்பு ஆனதைவிட மூவாயிரம் குறைவு. ஒன்றாம் தேதி 14,000, பதினாறாம் தேதி 14,000. மாதத்துக்கு ஒரே முறை அனுப்பினால் இருபதாம் தேதிக்கு மேல் கை வறண்டுவிடும், பதினைந்து நாள் கணக்கு கட்டுப்படுத்தச் சுலபம் என்று சொன்னது அக்கா. அது சரியாகத்தான் இருந்தது. அண்ணனின் டீ, பெட்ரோல் செலவும் இதிலிருந்துதான். அவர் மனைவியிடம் கேட்டு வாங்க வேண்டும். முதல் மாதம் அவருக்கு அது கஷ்டமாக இருந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து அக்காவே ஒன்றாம் தேதி அவர் பங்கைத் தனியாக எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கேட்கும் தேவை இல்லாமல் போனது.

மூன்றாவது, வருடச் செலவுக் கணக்கு. பள்ளிக் கட்டணம், மொய், தீபாவளி, எல்ஐசி எல்லாம் இதிலிருந்து. தீபாவளியில் கொஞ்சம், கோயிலில் கொஞ்சம் குறைத்து மாதம் 14,000 என்று வைத்தோம்.

நான்காவது ஜிஎஸ்டி. அண்ணனின் கடையில் விற்பனையில் வாங்கும் வரியும் கொள்முதலில் கட்டிய வரியும் கழித்து, மாதம் 14,000 முதல் 15,000 வரை அரசுக்குக் கட்ட வேண்டியிருக்கும். இருபதாம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் தாமதக் கட்டணமும். இந்தப் பணம் ஓ.டி.யில் கிடந்தால் சரக்குக்குப் போய்விடும், இருபதாம் தேதி லிமிட்டில் இடம் இருக்காது. 2022-23இல் ஐந்து மாதம் அப்படித் தாமதம். இப்போது திங்கட்கிழமைதோறும் 3,500 ரூபாய் அவருடைய பழைய சேமிப்புக் கணக்கு ஒன்றுக்குப் போகிறது. அதில் வேறு எதுவும் நடக்காது.

ஆறு கணக்கு, ஏழு கணக்கு என்று பிரிக்கச் சொல்பவர்களும் உண்டு. கடை நடத்துகிற மனிதரால் நான்குக்கு மேல் பார்க்க முடியாது என்பது என் அனுபவம். குறைந்தபட்ச இருப்பு வைக்காவிட்டால் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் இருக்கின்றன. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. புதிதாகக் கணக்குத் திறப்பவர் இதைக் கேட்டுக்கொண்டு திறக்க வேண்டும்.

வட்டிக் கணக்கு சொல்வதும் வாழ்க்கை சொல்வதும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அண்ணனே கேட்டார். "தம்பி, ஓ.டி.க்கு பதினொன்றரை கட்டுறேன். அந்த வருடச் செலவுப் பணத்தை மூணு பர்சென்ட் கூட வராத சேமிப்புல போட்டு வைக்கச் சொல்றியே, இது நஷ்டம் இல்லையா? ஓ.டி.யிலயே கிடந்தா வட்டி மிச்சமாகுமே."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. அந்தக் கணக்கில் வருடம் முழுக்கச் சராசரியாக நாற்பதாயிரம் நிற்கும் என்று வைத்தால், ஓ.டி. வட்டிக்கும் சேமிப்பு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் வருடத்துக்கு 3,500 ரூபாய் இழப்பு. அவர் விருப்பப்படியே முதல் இரண்டு மாதம் பணத்தை ஓ.டி.யிலேயே விட்டு, ஒரு நோட்டில் மட்டும் 'வருடச் செலவு 28,000' என்று எழுதி வைத்தார்கள். மே கடைசியில் ஒரு கம்பெனி ஃபேனுக்குச் சலுகை அறிவித்தது. இருபது ஃபேன் எடுத்தால் இரண்டு இலவசம். லிமிட்டில் இடம் இருந்தது, எடுத்துவிட்டார். ஜூன் முதல் வாரம் பள்ளிக் கட்டணம் கட்டும்போது நோட்டில் பணம் இருந்தது, வங்கியில் இல்லை.

அதற்குப் பிறகு அவரே தனிக் கணக்குக்கு ஒப்புக்கொண்டார். 3,500 ரூபாய் இழப்பைப் பற்றி என் கருத்து இதுதான்: ஓ.டி. ஒரு பணத்தைப் பத்திரமாக வைக்கும் இடமே கிடையாது. அதில் போட்ட பணம் அடுத்த கணமே கடன் வாங்கும் வசதியாக மாறிவிடுகிறது. கையில் கட்டுப்பாடு உறுதியாக வந்த பிறகு, இரண்டு மூன்று வருடம் கழித்து, வேண்டுமானால் எல்லாவற்றையும் ஓ.டி.யிலேயே போட்டு வட்டியை மிச்சம் பிடிக்கலாம். ஆரம்பத்தில் கூடாது. வட்டியை மட்டும் பார்த்து ஆலோசனை சொல்பவர்கள் அந்த இருபத்திரண்டு ஃபேனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெரிய தொகை எங்கிருந்து வந்தது

கணக்குகளைப் பிரித்ததால் மட்டும் கடன் அடைந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. 28,000, 4,500, 14,000 மூன்றும் சேர்ந்தால் 46,500. கையில் நிற்பது 48,000. மாதம் 1,500 மிஞ்சும். அந்த வேகத்தில் 5,80,000 அடைய ஆயுள் போதாது. பிரித்ததன் பலன் வேறு. கடன் மேலும் ஏறுவது நின்றது. கடையின் பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்பது முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு இடத்தில் முடங்கியிருந்தது. எலக்ட்ரீசியன்களிடம் 1,90,000 பாக்கி. ஊரில் தெரிந்தவர்கள், தினமும் கடைக்கு வருபவர்கள், கேட்கக் கூச்சம். சனிக்கிழமை கட்டட வேலைக்குச் சம்பள நாள். அன்று சாயங்காலம் பழைய பாக்கியில் ஆளுக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்தால் போதும், புதிய கடன் ஐயாயிரத்துக்கு மேல் யாருக்கும் இல்லை என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் கடைக்குள் போய்விடுவார். டிசம்பருக்குள் 1,10,000 வசூலானது. ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். மிச்சம் 80,000இல் பாதி இனி வராது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று செத்த சரக்கு. எல்இடி வந்த பிறகு யாரும் கேட்காத சிஎஃப்எல் பல்புகள், ட்யூப்லைட் சோக், நின்றுபோன மாடல் சுவிட்சுகள். வாங்கிய விலையில் 1,60,000. அண்ணன் இவற்றை விற்க மறுத்தார், நஷ்டத்தில் கொடுக்க மனசு வரவில்லை. எழுபதாயிரம் கிடைத்தாலும் அதை ஓ.டி.யில் கட்டினால் வருடத்துக்கு எட்டாயிரம் வட்டி மிச்சம், அலமாரியில் கிடந்தால் வருடத்துக்கு வருடம் விலை இறங்கும் என்று எழுதிக் காட்டினேன். சோக்கில் இருந்த செம்புக்காகப் பழைய சாமான்காரர் நல்ல விலை கொடுத்தார். மொத்தம் 70,000 வந்தது.

2024 ஜனவரியில் சீட்டு முடிந்து கமிஷன் போக 95,000. எடுத்த அன்றே ஓ.டி.க்குப் போனது. நடுவில் ஏலத்தில் தள்ளி எடுக்கலாமா என்று யோசித்தோம். அந்தச் சமயம் தள்ளுபடி அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததால் கடைசிவரை இருப்பதே லாபம் என்று முடிவெடுத்தார்கள். சீட்டு முடிந்த பிறகு மாதம் 4,500 விடுபட்டது. வட்டியும் பாதியாகிவிட்டது. அதனால் 2024 பிப்ரவரியிலிருந்து மாதம் 8,500 வரை கடனில் குறைய ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் நம்பிக்கை வந்தது அந்த மாதங்களில்தான். அதற்கு முன் ஒவ்வொரு மாதமும் போராட்டம். ஆடியில் புதுமனை புகுவிழா கிடையாது, வயரிங் வேலை குறையும். அந்த மாதம் வீட்டுக்கு 28,000 அனுப்பவே ஓ.டி.யைத் தொட வேண்டியிருந்தது. தையில் அது திரும்பி வரும் என்று தெரிந்திருந்ததால் தொட்டோம். மாதத்துக்கு மாதம் பார்த்துப் பயப்படக் கூடாது, பன்னிரண்டு மாதச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

லிமிட்டைக் குறைத்தது

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது லிமிட் குறைப்புதான். அடைத்த கடன் திரும்ப ஏறாமல் இருக்க ஒரே உறுதியான வழி, எடுக்கக்கூடிய தொகையே இல்லாமல் செய்வது. 2023 அக்டோபரில் ஆறு லட்சத்தை ஐந்தாக்கும்படி எழுதிக் கொடுத்தார். வங்கி மேனேஜருக்கு ஆச்சரியம். கூட்டிக் கேட்பவர்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருப்பார். 2024 ஜூன் புதுப்பித்தலில் மூன்றரை லட்சம். 2025 ஜூனில் இரண்டரை லட்சம். மாதாமாதம் லிமிட் தானாக இறங்கும் டிராப்லைன் ஓ.டி.யாக மாற்றிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னார். சம்பளக்காரருக்கு அது மிகப் பொருத்தம், வருமானம் மாதம் ஒரே மாதிரி வருவதால். ஃபேன் சீசனில் ஒரு லட்சம் கூடுதலாகத் தேவைப்படும் கடைக்கு அது இறுக்கிப் பிடிக்கும் என்பதால் வேண்டாம் என்றோம். எப்போதும் லிமிட்டுக்கும் எடுத்த தொகைக்கும் இடையே சரக்குக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் இடைவெளி விட்டே குறைத்தோம்.

புதுப்பித்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓ.டி. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. கெடு முடிந்து 180 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், வட்டி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வாராக்கடன் ஆகிவிடும். கணக்குத் தாள் கொடுக்கச் சோம்பல்பட்டே மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லிமிட்டில் விட்ட இடைவெளி ஒருமுறை காப்பாற்றியது. 2024 அக்டோபரில் அண்ணனின் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவு 62,000. வருடச் செலவுக் கணக்கில் அப்போது 22,000தான் இருந்தது. மீதி 40,000 ஓ.டி.யிலிருந்து எடுத்தார்கள். 2,17,000க்கு இறங்கியிருந்த கடன் 2,57,000 ஆனது. அக்கா மிகவும் சோர்ந்துபோனார். ஆனால் பழைய காலமாக இருந்தால் இந்த நாற்பதாயிரம் மற்ற செலவுகளோடு கலந்து காணாமல் போயிருக்கும். இப்போது 'அப்பா ஆஸ்பத்திரி 40,000' என்று தனியாகத் தெரிந்தது. ஐந்து மாதத்தில் அந்தத் தொகையை ஈடுகட்டினார்கள். அதன்பிறகு குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். அந்த பிரீமியத்தையும் சேர்த்து வருடச் செலவுக் கணக்குக்கு மாதம் 16,000 போகிறது.

வங்கி வட்டியைச் சரியாகப் போடுகிறதா என்றும் ஒருமுறை சரிபார்த்தோம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. தவறினால் விதிப்பதை அபராத வட்டியாக ஏற்றி வட்டிக்கு வட்டி போடக் கூடாது, தனி அபராதக் கட்டணமாகத்தான் வசூலிக்க வேண்டும் என்று. அண்ணன் கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் லிமிட் தாண்டிய நாட்களுக்காக முன்பு கட்டிய தொகைகளைப் பார்த்தபோது, செக் ரிட்டர்ன் கட்டணம் உட்பட ஒரு வருடத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. கணக்கைப் பிரித்த பிறகு அந்தச் செலவு அறவே இல்லை.

2025 டிசம்பர் நிலவரம்: எடுத்திருப்பது 1,30,000. வட்டி மாதம் 1,250. டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பவும் முப்பது நாள் தவணை கொடுக்கிறார். ஜிஎஸ்டி ஒரு மாதமும் தாமதமில்லை. ஓ.டி.யை முழுக்க மூட வேண்டும் என்று அக்கா விரும்புகிறார். சீசனுக்குக் கொஞ்சம் வேண்டும் என்கிறார் அண்ணன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் சொன்ன வழி, பூஜ்யத்துக்கு வந்ததும் இந்த ஓ.டி.யை மூடிவிட்டு, சொத்துப் பிணை கேட்காத முத்ரா திட்டத்தில் சிறிய லிமிட்டாக ஒன்று வாங்குவது. கிஷோர் பிரிவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை கிடைக்கும், இவர்களுக்கு ஒரு லட்சம் போதும்.

வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கும் வேலை தனி. கடன் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. ஓ.டி. வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவு செய்திருப்பதால், அதற்கு ரத்து ரசீதும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும். அதற்கு ஆகும் செலவை அக்கா இப்போதே வருடச் செலவுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.